சாட்சி நினைவுப் பரிசோதனை: 40 மாணவர்களை வைத்து எப்படிச் செய்வது?

கேள்வி – பிளஸ் ஒன் மாணவி

வணக்கம். கண்ணால் பார்த்த சாட்சியின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்று அறிவியல் கண்காட்சிக்காகச் சோதிக்க நினைக்கிறேன். வகுப்பு நடக்கும்போது ஒருவர் திடீரென உள்ளே வந்து மேஜையில் இருக்கும் பையைப் பறித்துக்கொண்டு ஓடுவார். பிறகு 40 பேருக்குக் கேள்வித்தாள். பாதிப் பேருக்குத் திசைதிருப்பும் கேள்வி. ஆண், பெண் வித்தியாசத்தையும், ஒரு வாரத்தில் எவ்வளவு மறக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாமா?

பதில் – உளவியல் ஆசிரியை

பறிக்கிற நாடகம் வேண்டாம்மா. பயந்துபோகிற பிள்ளையும் இருக்கும், துரத்திப் போய் விழுகிற பிள்ளையும் இருக்கும். மேலும் முதல் பெஞ்சில் இருப்பவர் பார்த்ததும் கடைசி பெஞ்சில் இருப்பவர் பார்த்ததும் வேறு வேறு. வீடியோவாகக் காட்டு.

நீ சொன்ன மூன்றையும் சேர்த்தால் 8 குழுக்கள் ஆகும், குழுவுக்கு 5 பேர்தான். அதில் எதுவும் தேறாது. மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வில் 45 மாணவர்களுக்கு விபத்துக் காட்சியுள்ள ஓடும் படங்கள் 7 காட்டினார்கள். வேகம் கேட்கும் கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். 'ஸ்மாஷ்டு' (நொறுங்க மோதின) என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி மணிக்கு 40.8 மைல், 'கான்டாக்டட்' (தொட்டுக்கொண்டன) என்று கேட்கப்பட்டவர்கள் 31.8.

இதைப் பொம்மைக் கார்களை வைத்துச் செய்யலாம். 60 செ.மீ. பலகைகள் இரண்டை எதிரெதிரே சாய்த்து வை. ஒவ்வொன்றின் மேல் முனைக்கும் கீழே மூன்று பாடப்புத்தகம். கார்கள் இறங்கி நடுவில் முட்டுவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் எடு. 8 வினாடி போதும். ஒலியை எடுத்துவிட்டு, ஒரே ஒரு முறை காட்டு. அடுத்த 10 நிமிடம் பெருக்கல் கணக்கு, அப்புறம்தான் கேள்வித்தாள்.

பொம்மைக் காருக்கு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் வரும். 10 செ.மீ. கோடு போட்டு, இடது முனையில் 'மிக மெதுவாக', வலது முனையில் 'மிக வேகமாக' என்று எழுது. அவர்கள் குறுக்குக் கோடு போட்ட இடத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அள.

பதில் – கேள்வித்தாள் தயாரிப்பவர்

பெரும்பாலும் சறுக்குவது தமிழ்ச் சொல்லில்தான். 'ஸ்மாஷ்டு' என்பதற்கு 'நொறுங்கியபோது' என்று போட்டால், கார் சேதமானதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறீர்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்றால் படிப்பவர் சிரித்துவிடுவார். நீளமும் அமைப்பும் ஒத்த சொற்களாக எடுங்கள்:

'இரண்டு கார்களும் மோதிக்கொண்டபோது எவ்வளவு வேகமாக வந்தன?'
'இரண்டு கார்களும் உரசிக்கொண்டபோது எவ்வளவு வேகமாக வந்தன?'

மற்ற ஐந்தாறு கேள்விகள் (காரின் நிறம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது) இரு தாளிலும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருக்கவேண்டும், அவற்றில் 'மோதல்' என்ற சொல் வரவே கூடாது. கேள்வியை வாய்விட்டுப் படிக்காதீர்கள். குரல் அழுத்தமே விடையைத் தள்ளிவிடும். 20 + 20 தாளையும் மடித்துக் கலைத்து, எது எந்தத் தாள் என்று தெரியாத ஒருவரை விநியோகிக்கச் சொல்லுங்கள். 'ஏ' பிரிவுக்கு ஒன்று, 'பி' பிரிவுக்கு ஒன்று என்று கொடுத்தால் வித்தியாசம் சொல்லால் வந்ததா, பிரிவால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

மாணவி

நன்றி. லாஃப்டஸ் ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடி பற்றிக் கேட்டாராமே, அதையும் சேர்க்கட்டுமா?

பதில் – புள்ளியியல் படித்தவர்

40 பேருக்கு அது தாங்காது. அது வேறு மாணவர்களை வைத்து நடந்த இரண்டாவது சோதனை. அங்கே 'ஸ்மாஷ்டு' குழுவில் 50-க்கு 16 பேரும், 'ஹிட்' (இடித்தன) குழுவில் 50-க்கு 7 பேரும் படத்தில் இல்லாத கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இரு குழுக்களின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்க (chi-square) அளவு சுமார் 4.6, தற்செயல் அல்ல என்று சொல்லத் தாண்டவேண்டிய எல்லை 3.84. ஏறக்குறைய அதே விகிதம் 20 பேர் கொண்ட உங்கள் குழுக்களில் வந்தால் ஒன்றில் 6 பேர், மற்றதில் 3 பேர். கை-வர்க்கம் 1.3-தான்.

கோட்டு அளவே போதும். 40 அளவுகளையும் துண்டுச் சீட்டில் எழுதி, இரு குழுச் சராசரிகளின் வித்தியாசத்தைக் குறியுங்கள். சீட்டுகளைக் கலைத்து 20, 20-ஆகப் பிரித்து மறுபடி வித்தியாசம் பாருங்கள். இதை 100 முறை செய்யுங்கள். எந்தக் குழு கூடுதலாக வந்தாலும், உங்கள் அசல் வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ 5 முறைக்கு மேல் வந்தால், சொல்லின் விளைவு என்று உறுதியாகச் சொல்லாதீர்கள். கோடு போடாமல் விட்ட தாள்களை என்ன செய்வது என்று அளக்கும் முன்பே எழுதிவையுங்கள்.

பதில் – உளவியல் ஆசிரியை

தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் சம்மதக் கடிதமும் முதல் தாள் கொடுக்கும் முன்பே கையில் இருக்கவேண்டும். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். இரண்டு விதத் தாள் இருந்ததைக் கடைசியாக எழுதுபவர்களும் முடித்த பிறகு எல்லோருக்கும் சொல்லிவிடு. காலையில் எழுதியவர்களிடம் அப்போதே சொன்னால் மதிய இடைவேளைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும்.