கிணத்து உப்பு அளக்க சில்வர் நைட்ரேட் 25 கிராம், எங்க எடுக்கிற?

கல்லாத்தான்:
எல்லாருக்கும் வணக்கம், நான் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல் மத்தப் பக்கம் வாவி, நடுவுல இருக்கிற மணல்லதான் எங்கட ஊர், கிணறும் அதுக்குள்ளதான். மாரி முடிஞ்சு சித்திர வெயில் பிடிச்சா எங்கட கிணத்துத் தண்ணி கரிக்கத் தொடங்கிரும், மறுகா தேத்தண்ணி வாயில வைக்கேலா. பக்கத்து வளவுல மோட்டர் போட்ட பிறகுதான் இப்பிடி எண்டு அம்மா சொல்றா, அவங்க இல்ல எண்டுறாங்க. அளந்து பாக்காம யார் சொல்றது சரியெண்டு எப்பிடித் தெரியும்? அதான் எங்கட ஒழுங்கையில 12 கிணத்துல மாசாமாசம் குளோரைட் (உப்புல இருக்கிறது) பாக்கலாம் எண்டு நினைச்சன், ஏ/எல்ல (உயர்தரத்துல) படிச்ச மோர் முறை, அதாவது நிறம் மாறுமட்டும் சில்வர் நைட்ரேட் கரைசல சொட்டுச் சொட்டா விட்டு குளோரைட் அளக்கிறது, தெரியும், அளவி (பியூரெட்), குழாயி (பிப்பெட்), கூம்புக் குடுவை எல்லாம் இருக்கு, சில்வர் நைட்ரேட் மட்டும் இல்ல.

போன மாசம் நைட் பஸ்ஸுல கொழும்புக்குப் போய் ஒரு கடைல கேட்டன், அந்தாள் பில் புத்தகத்தத் திறந்து பேனையும் எடுத்திட்டார், எந்தக் கம்பெனி எண்டு கேட்டார், வீட்டுக்கு எண்டன், பேனைய மூடி வெச்சிட்டார். இன்னொரு இடத்துல வியாபாரப் பதிவும் கடிதமும் வேணுமாம், 100 கிராமுக்குக் குறைய இல்லையாம். வெள்ளி விலைக்கு 100 கிராம் நான் எப்பிடி வாங்குற? வேற வழி தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

கல்முனை_சேர்:
தம்பி, நான் 30 வருசம் ஏ/எல் கெமிஸ்ட்ரி படிப்பிச்சவன், உங்கட கேள்வி வாசிச்சு சந்தோசப்பட்டன். கடைக்காரரோட கோவிக்காதீங்க, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முன்பின் தெரியாத ஆள் தனியா வந்து இரசாயனம் கேட்டா அவங்களுக்குப் பயம்தானே, சில்வர் நைட்ரேட் ஒட்சியேற்றி வேற, தபால்ல கூரியர்ல சும்மா அனுப்பவும் ஏலா.

முதல்ல உங்களுக்கு எவ்வளவு தேவையெண்டு பாருங்க. 0.0141 மோலார் (கரைசல்ட செறிவச் சொல்ற அலகு) கரைசல் ஒரு லீற்றருக்கு 2.395 கிராம்தான் போகும். அந்தக் கரைசல்ல 1 மில்லிலீற்றர் 0.5 மில்லிகிராம் குளோரைட்டுக்குச் சமன். 50 மில்லிலீற்றர் கிணத்துத் தண்ணிய நியமிச்சா (அந்தக் கரைசல சொட்டுச் சொட்டா விட்டு அளந்தா) அளவில போற ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு 10 மில்லிகிராம் காட்டும், 25 போனா 250, குடிதண்ணிக்கு இலங்கைத் தரம் சொல்ற எல்லை அதுதான். 12 கிணறெண்டா மாசத்துக்கு அரை லீற்றரும் போகாது, உப்புக் கூடின கிணத்த உப்பில்லாத தண்ணி சேர்த்து ஐஞ்சு மடங்கு ஐதாக்கிட்டு நியமியுங்க. அப்ப வருசம் முழுக்க 15 கிராம் காணும். 25 கிராம் போத்தல் ஒண்ட பள்ளிக்கூடத்து லேப் ஊடாக் கேட்டா கடிதப் பிரச்சினை வராது, அதிபரோட பேசி சயன்ஸ் கிளப் பிள்ளைகளையும் சேர்த்துச் செய்யுங்க, சாமான் லேப் அலுமாரிக்குள்ளயே இருக்கட்டும்.

ஒண்டு மட்டும் மறக்காதீங்க. பார்மசில மருவுக்குக் குடுக்கிற சில்வர் நைட்ரேட் குச்சிய வாங்கிக் கரைச்சிராதீங்க, அதுல பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்திருக்கும், கணக்கு முழுக்கப் பிழைச்சிரும்.

லேப்_அக்கா:
சேர் சொன்னது சரி, நான் காட்டி (நிறம் மாறி முடிவக் காட்டுற சாமான்) பத்திச் சொல்றன். மோர் முறைல போடுற பொட்டாசியம் குரோமேட் புற்றுநோய் வரவைக்கிற சாமான், வீட்டுக் குசினிப் பக்கம் கொண்டு போகவே கூடாது தம்பி. லேப்ல கையுறையோட செய்யுங்க, மிச்சத்த கிணத்தடில வாவில ஊத்தாம ஒரு போத்தல்ல சேர்த்து லேப்லயே குடுங்க. குரோமேட் வேணாமெண்டா டைகுளோரோபுளோரசீன் இருக்கு, மஞ்சப்பச்சை திடீரெண்டு ரோஸாகும், ஆனா உப்புக் குறைஞ்ச தண்ணில அந்த மாற்றம் மங்கலாத்தான் தெரியும்.

மறுகா, சில்வர் நைட்ரேட் கரைசல நியமப்படுத்தாம, அதாவது செறிவு தெரிஞ்ச உப்புக் கரைசலோட நியமிச்சு சரி பாக்காம, ஒரு கிணறும் அளக்காதீங்க. சுத்தமான சோடியம் குளோரைட்ட 140 பாகைல உலர்த்தி 824 மில்லிகிராம் நிறுத்து ஒரு லீற்றராக்கினா அதுவும் 0.0141 மோலார்தான். கடை உப்பு ஈரம் பிடிச்சது, சரிவராது.

சம்மாந்துறை_நாநா:
நம்ம அனுபவத்துல ஒண்டு சொல்றன் மச்சான். கடத்துதிறன் மீட்டர் (தண்ணிக்குள்ளால மின்சாரம் எவ்வளவு போகுதெண்டு காட்டுறது, உப்புக் கூடினா அதுவும் கூடும்) ஒண்டு வாங்குங்க, அதுக்கு ஒருத்தரும் கடிதம் கேக்க மாட்டாங்க. குளோரைட்ட மட்டும் பிரிச்சுக் காட்டாதுதான், ஆனா முதல் மாசம் 12 கிணத்தயும் நியமிப்பும் செஞ்சு மீட்டரும் வெச்சு ஒரு வரைபு கீறிட்டா, அடுத்தடுத்த மாசங்களுக்கு மீட்டரே போதும், மூணு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு மூணு கிணத்த நியமிச்சு சரி பாத்தாக் காணும்.

இன்னொண்டு, தண்ணி எடுக்கிற விதம். மணலுக்குள்ள நல்ல தண்ணி பாரம் குறைவு, உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துதான் நிக்கும். மோட்டர் போட்டு இழுத்தா கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். காலைல மோட்டர் போட முதல் ஒருக்கா, ரெண்டு மணித்தியாலம் ஓடின பிறகு ஒருக்கா எடுத்துப் பாருங்க, அம்மா சொன்னதுக்கும் பதில் அதுலதான் இருக்கு. சுனாமிக்குப் பிறகும் கடல்தண்ணி பூந்த கிணறுகள விடாம இறைச்ச இடங்கள்ல உப்பு இன்னும் ஏறினது, மாரி மழை பெய்ஞ்சுதான் மெல்ல மெல்லக் குறைஞ்சது.

கல்லாத்தான்:
சேர், அக்கா, நாநா, பெரிய நன்றி. மோட்டருக்கு முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்கிற யோசனை எனக்கு வரவே இல்ல. நாளைக்கு நான் படிச்ச பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரி டீச்சரப் போய்ப் பாக்கிறன், 12 கிணத்துக்கும் போத்தல் கழுவி இலக்கம் ஒட்டிட்டன். சேர், பக்கத்து வளவு ஆக்களையும் தண்ணி எடுக்கைக்குள்ள கூட நிக்கச் சொல்லி கேக்கட்டா, பிறகு சண்டை வராம?

கல்முனை_சேர்:
கட்டாயம் கேளுங்க தம்பி. அவங்கட கையாலயே போத்தல நிரப்பட்டும்.