எங்கள் குடியிருப்பின் கடைசி மண் தரை: சென்னை மாநகராட்சியின் காலநிலைத் திட்டம் இதற்கு உதவுமா?

வசந்தி_வேளச்சேரி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வேளச்சேரியில் இரண்டு கிரவுண்டில் கட்டிய பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பு. எங்கள் வீடு தரைத்தளம். 2015 டிசம்பரில் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்றைக்கு இடுப்பு வரை. ஹால் சுவரில் அந்த நீர்க்கோடு இன்னும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் அதைத் தொடாமல் விடச் சொன்னேன். கலங்கிய டீ நிறம். மேல் விளிம்பில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு, விரல் வைத்தால் இன்றும் லேசாக வழுக்கும். சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது.

இப்போது விஷயம். வடக்குச் சுற்றுச்சுவரை ஒட்டி ஐந்தடி அகலம், அறுபதடி நீளத்துக்கு மண் தரை இருக்கிறது. மொத்த வளாகத்தில் சிமெண்ட் படாத இடம் அது ஒன்றுதான். ஒரு முருங்கை, இரண்டு வாழை, தானாக முளைத்த ஒரு வேம்பு. இரு சக்கர வண்டி நிறுத்த இடம் போதவில்லை, பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்று போன மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் ஒருத்திதான் வேண்டாம் என்றேன். "மாநகராட்சியே காலநிலைக்கு என்று பெரிய திட்டம் வைத்திருக்கிறது, கோடிக்கணக்கில் வடிகால் கட்டுகிறார்கள், நம் முந்நூறு சதுர அடியில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நல்ல மனிதர், வெள்ளத்தின்போது என் மாமியாரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அந்தத் திட்டத்தைத் தேடிப் படித்தேன். 2023 ஜூனில் வெளியிட்டிருக்கிறார்கள். 2050-க்குள் கார்பன் சமநிலை (வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாவது), அதாவது நாடு வைத்திருக்கும் 2070 இலக்குக்கு இருபது வருடம் முன்பே. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்த் தட்டுப்பாடும், எளிதில் பாதிக்கப்படும் மக்கள் என்று ஆறு பகுதிகள். படித்து முடித்தபோது, இதில் என் தெரு எங்கே வருகிறது என்று பிடிபடவில்லை. எங்கள் பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டு மக்கள் கவுன்சிலரிடம் நேரில் கோரிக்கை வைக்கும் கூட்டம், வரப்போகிறது. அங்கே எதைக் கேட்டால் உருப்படியாக ஏதாவது நடக்கும்? அந்த மண் தரைக்காக நான் சண்டை போடுவது சரிதானா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_கார்த்தி

அக்கா, நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் எனக்கு உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதும் புரிகிறது. வடிகால் கட்டிய பிறகும் மிக்ஜாமில் தண்ணீர் நின்றதே, அதற்கு முதலில் விளக்கம் வேண்டும். பெரிய ஓட்டையை அடைக்காமல் வீட்டுக்கு வீடு மண் தரையைக் காப்பாற்று என்றால், பாரம் முழுவதும் நம் தலையில் வருவதுபோல் இருக்கிறது.

பாலு_கிண்டி

வசந்தி அம்மா, கார்த்தி தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தனியார் கட்டுமானத்தில் முப்பத்தோரு வருடம் வடிகால், சம்ப், அஸ்திவாரம் என்று தண்ணீரோடு மல்லுக்கட்டிய ஆள் நான். இப்போது ஓய்வு.

முதலில் வேளச்சேரியின் நில அமைப்பு. பரங்கிமலை, ஆதம்பாக்கம் பக்கத்திலிருந்து சரிந்து வரும் தண்ணீர் உங்கள் பகுதி வழியாகத்தான் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் முட்டுக்காட்டுப் பக்கம் கடல். இதில் வேளச்சேரி ஏரி 265 ஏக்கர் இருந்தது, இன்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. 5000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலத்தில், 2022-ல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1248 ஹெக்டேர். குடம் சொம்பானபிறகு தண்ணீர் எங்கே நிற்கும்? வீட்டுக்குள்தான்.

தெருவோர வடிகால் என்பது தண்ணீரைக் கொண்டுபோகும் குழாய், அவ்வளவுதான். கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் நிரம்பியிருந்தால், கடலும் அலையேற்றத்தில் இருந்தால், குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் நகராது. மிக்ஜாமில் பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வருடம் முழுவதற்கும் சென்னைக்குச் சராசரி 140 சென்டிமீட்டர்தான். கார்த்தி தம்பி, இதனால் வடிகால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பத்து சென்டிமீட்டர் மழைக்கு அது உதவும், உதவியும் இருக்கிறது.

இப்போது அந்தப் பத்து சென்டிமீட்டரை உங்கள் வளாகத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு கிரவுண்ட் என்றால் சுமார் 446 சதுர மீட்டர். 10 செ.மீ. மழையில் அங்கே விழுவது 44,600 லிட்டர். மே மாதம் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் நாலு லாரிக்குக் கொஞ்சம் குறைவு. முழுவதும் சிமெண்ட் என்றால் அத்தனையும் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வரும். உங்கள் தெருவில் இப்படி எத்தனை வளாகம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பெருக்குங்கள்.

அந்த மண் தரையில் மூன்றடி விட்டத்தில், பதினைந்தடி ஆழத்தில் இரண்டு உறை கிணறு இறக்குங்கள். மொட்டை மாடிக் குழாயை அதில் விடுங்கள். ஒன்று சுமார் 3000 லிட்டர் பிடிக்கும், பிறகு மண் குடிக்கும் வேகத்தில் வாங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் பகுதியில் மண் அதிகமும் களி. நவம்பர் கடைசியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் கிணறு குடிக்காது. மிக்ஜாம் மாதிரி ஒன்றை அது தடுக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் இடி இடித்துக் கொட்டுகிறதே, அந்த மழைதான் அதற்குத் தீனி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது நினைவிருக்கும். வெள்ளமும் வறட்சியும் இந்த ஊருக்கு ஒரே நோய்தான்.

அப்புறம், பகுதி சபையில் என்ன கேட்பது. திட்டத்தில் எழுதியிருக்கும் எல்லாமே மாநகராட்சியின் கையில் இல்லை. இந்த நகரம் வெளியிடும் கரியமில வாயுவில் பெரும்பங்கு கட்டடங்கள் இழுக்கும் மின்சாரத்தால் வருவது. மின்சாரம் மாநில மின்வாரியத்தின் கையில், பேருந்து போக்குவரத்துக் கழகத்தின் கையில், குடிநீர் குடிநீர் வாரியத்தின் கையில், ஏரிகள் நீர்வளத் துறை, சதுப்பு வனத்துறை, பெரிய கட்டட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). கவுன்சிலரிடம் போய் இதையெல்லாம் கேட்டால் தலையாட்டிவிட்டு அடுத்தவர் பெயரைச் சொல்வார், அவர்மேல் தப்பில்லை. மாநகராட்சியின் சொந்தப் பொறுப்பு என்று பார்த்தால் தெரு வடிகால், குப்பை, பூங்கா, தெரு மரம், தெரு விளக்கு, மாநகராட்சிப் பள்ளிகள். இவற்றில் கேளுங்கள். வடிகாலுக்குள் தெருத் தண்ணீர் இறங்கும் வாய்களை ஒவ்வொன்றாக எண்ணி, எது மண் மூடிக் கிடக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு போங்கள். மாநகராட்சி பூங்காக்களில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கக் குளம் தோண்டி ஸ்பாஞ்ச் பூங்கா என்று செய்கிறார்களே, அது நல்ல வேலை. உங்கள் பகுதிப் பூங்காவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

செல்வி_கொடுங்கையூர்

வசந்தி அக்கா, வெள்ளத்தைப் பற்றி பாலு சார் சொல்லிவிட்டார். நான் குப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் திட்டத்தில் உங்கள் சமையலறை நேராக வரும் இடம் அதுதான்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் முதல் தடவை வரும்போது நிஜமாகவே மலை என்று நினைப்பார்கள். பருந்து வட்டமிடுவது தெரிந்த பிறகுதான் குப்பை என்று புரியும். கணக்கெடுத்தபோது 66 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பை, 252 ஏக்கரில். இப்போது அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். மக்கும் குப்பையைக் காற்றுப் படாமல் குவித்தால் உள்ளே மீத்தேன் உண்டாகிறது. கோடையில் அது தானாகப் பற்றிக்கொள்ளும். என் பெரியவள் சின்னவளாக இருந்தபோது மார்ச் மாதத்திலிருந்து இன்ஹேலர் பையிலேயே இருக்கும். துணியை மாடியில் காயப் போட்டால் எடுக்கும்போது கரி வாசம் வரும், மறுபடி அலசுவேன்.

தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்குப் போகிறது. பெருங்குடி கிடங்கு இருப்பது எங்கே? பாலு சார் சொன்ன அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல். அக்கா, உங்கள் வீட்டுத் தண்ணீர் வடிய வேண்டிய இடத்தில்தான் உங்கள் வீட்டுக் காய்கறித் தோல் போய் உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஊரில் தினமும் 5000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பாதிக்குப் பாதி மக்கும் குப்பை. கலந்து கொடுத்தால் எதற்கும் பயன்படாது. கொடுங்கையூரில் எரியுலை அமைத்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் நாங்கள் மனிதச் சங்கிலியாக நின்றோம். என் சின்னவளும் ஸ்கூல் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குப்பையைக் குறைத்து, பிரித்து, அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்குங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. பிளாஸ்டிக்கை எரித்துவிட்டுக் கார்பன் சமநிலை என்று சொன்னால் அது எங்கள் மூச்சுக்குள் வந்துதானே முடியும்?

நீங்கள் செய்யக்கூடியது: அந்த மண் தரையின் ஒரு மூலையில் மக்கும் குப்பையை உரமாக்க இரண்டு சிமெண்ட் உறை, பன்னிரண்டு வீட்டுக்குப் போதும். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதில் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் காய்ந்த இலை ஒரு கூடை, ஒரு கரண்டி புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சருகு போட்டால் சரியாகிவிடும். சபையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வீட்டில் பிரித்துக் கொடுப்பது பேட்டரி வண்டியிலும் தனித்தனியாகப் போகிறதா, பிறகு எங்கே போகிறது என்று உங்கள் வார்டுக்கு மட்டும் கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் கோபப்படாதீர்கள். வெயிலில் அதிகம் வேகிறவர்கள் அவர்கள்தான்.

முகப்பேர்_டெலிவரி

வெயில் என்றதும் எழுதத் தோன்றியது. நான் பைக்கில் உணவு டெலிவரி செய்கிறேன். மே மாதம் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சிக்னலில் நிற்கும்போது தார் ரோட்டுச் சூடு செருப்பு வழியாக ஏறும். 2024 அக்டோபரில் வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். அது இறந்த பிறகு. உயிரோடு இருக்கும்போது எங்களுக்கு வேண்டியது நிழல். அண்ணா நகரில் எங்களைப் போன்றவர்களுக்கு மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை ஒன்று திறந்திருக்கிறது. போய் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர், சார்ஜர், கழிப்பறை எல்லாம் இருக்கிறது. பெண் டெலிவரி ஆட்களுக்கு அந்தக் கழிப்பறை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. வேளச்சேரிப் பக்கமும் இப்படி ஒன்று வேண்டும் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேளுங்கள். அந்த நேரத்தில் நாங்கள் ஆர்டரில் இருப்போம், எங்களால் வர முடியாது.

முருங்கை மரத்தை வெட்டாதீர்கள் அக்கா. கேட்டுக்குள் விடுகிற வீடுகளில் நாங்கள் நிற்பது இப்படிப்பட்ட மரத்தடியில்தான்.

மடிப்பாக்கம்_கார்த்தி

பாலு சார், நாலு லாரிக் கணக்கு என் மனதில் தைத்தது. எங்கள் வீட்டில் முன்வாசல் முழுக்க டைல்ஸ், போட்டது நான்தான். கார் சக்கரம் உருளும் இரண்டு பட்டையை மட்டும் விட்டுவிட்டு நடுவில் எடுத்துவிட்டால் பயன் இருக்குமா?

பாலு_கிண்டி

இருக்கும் தம்பி. எடுத்த இடத்தில் ஓரடி தோண்டி, கீழே முக்கால் இஞ்ச் ஜல்லி, மேலே மணல். வீட்டுச் சுவரிலிருந்து நாலடி தள்ளியே தோண்டுங்கள், அஸ்திவாரத்துக்கு நல்லது.

வசந்தி_வேளச்சேரி

எல்லோருக்கும் நன்றி. செல்வி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு சமையலறைக் கூடையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பீர்க்கங்காய்த் தோல், முட்டை ஓடு, பால் கவர், எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. பால் கவரை எடுத்துக் கழுவிக் காயப்போட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் 44,600 லிட்டர் கணக்கைக் காட்டினேன். பேப்பரில் அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு, "வண்டியை மாடிப்படிக்குக் கீழே குறுக்காக நிறுத்தினால் ஐந்து நிற்கும்" என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். உறை கிணற்றுக்கு என்ன செலவாகும் என்று விசாரிக்கிறேன் என்றிருக்கிறார்.

எங்கள் தெருவில் வடிகால் வாய் பதினேழு. இன்று காலை நடந்து போய் எண்ணினேன். ஆறில் மண், ஒன்றில் கட்டட வேலை ஜல்லி, ஒன்றின் மேல் யாரோ பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டேன், மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கும் சொல்லிவிட்டேன். டெலிவரி தம்பி, ஓய்வறை விஷயத்தை என் பெயரிலேயே எழுதிக் கொடுக்கிறேன். எந்த இடத்தில் இருந்தால் உங்களுக்கு வசதி, விஜயநகர் பேருந்து நிலையம் பக்கமா, ரயில் நிலையம் பக்கமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.