ஸிப் கோப்புக்குக் கடவுச்சொல் இட்டால் போதுமா?

தணிக்கை எழுத்தர்:
எங்கள் தணிக்கை அலுவலகத்தில் வாடிக்கையாளரின் வருமான வரிக் கணக்கையும் வங்கி அறிக்கையையும் ஸிப் கோப்பாக்கி, அவருடைய பான் எண்ணையே கடவுச்சொல்லாக இட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறோம். பெறுபவர் எல்லோருக்கும் தரும் பொதுத் திறவுகோலால் பூட்டி, அவரிடம் மட்டுமே இருக்கும் தனித் திறவுகோலால் திறக்கும் பொதுத் திறவுகோல் முறைக்கு மாற வேண்டும் என்று இங்கே சிலர் வற்புறுத்துகிறார்கள். எழுபது வயதுப் பெரியவரை அதற்கென ஒரு மென்பொருளை நிறுவச் சொல்ல என்னால் இயலாது. இப்போதுள்ள முறையே போதும்.

குறியாக்கி:
ஐயா, பான் எண்ணைக் கடவுச்சொல்லாகக் கருதுவதே தவறு. அதன் பத்து இடங்களில் நான்காவது, தனிநபர் என்றால் எப்போதும் 'பி'. ஐந்தாவது, குடும்பப் பெயரின் முதல் எழுத்து. பெயர் தெரிந்தவருக்கு மிஞ்சுவது மூன்று எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. அனைத்தையும் பெருக்கினாலும் சுமார் 457 கோடிதான். நமக்கு மலைப்பாகத் தோன்றும் அந்த எண்ணிக்கையைக் கணினி ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிடும். அது போக, வங்கியில் தொடங்கி வீட்டு வாடகை ஒப்பந்தம் வரை அந்த அட்டையின் நகலை எத்தனை இடங்களில் கொடுத்திருக்கிறோம்!

பூட்டும் பழுதானது. ஸிப்பின் பழைய குறியாக்கத்தை, அதாவது தரவைப் பூட்டி மறைக்கும் முறையை, பிஹாம், கோச்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994-இலேயே உடைத்துக் காட்டினார்கள்: உள்ளிருக்கும் தரவில் சில பைட்டுகள் முன்கூட்டியே தெரிந்தால், கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை. கோப்புகளைச் சுருக்கும் 7-ஸிப் மென்பொருளில் ஸிப் வடிவத்தைத் தேர்ந்தால், நாமாக ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்கத்துக்கு மாற்றாதவரை அந்தப் பழைய முறையே அமைகிறது. மாற்றினாலும் கோப்பின் பெயர் மறையாது. 'கடன் நிலுவை அறிவிப்பு' என்ற பெயரை வழியில் எவரும் படிக்கலாம்.

தணிக்கை எழுத்தர்:
பான் எண்ணைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதை இன்றே நிறுத்துகிறோம். இனி 7-ஸிப்பின் சொந்த வடிவமான 7இசட்டில், கோப்புப் பெயர்களையும் மறைத்து, புதிய கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லிவிடலாம். ஆனால் பொதுத் திறவுகோலை ஏற்க மாட்டேன். வந்து சேர்ந்த திறவுகோல் வாடிக்கையாளருடையதுதானா என்று உறுதிசெய்ய, அதை அடையாளம் காட்டும் சுருக்கமான கைரேகை எண்ணை நீங்களும் தொலைபேசியில்தானே ஒப்பிட வேண்டும்? கணினி பழுதாகித் தனித் திறவுகோல் தொலைந்தால், அந்தப் பெரியவர் தம் பழைய கோப்புகளை எப்படித் திறப்பார்?

குறியாக்கி:
தொலைந்தால் திறக்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் நகல் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். தொலைபேசி விஷயத்தில் மட்டும் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நீங்கள் சொல்லும் கடவுச்சொல்லைப் பக்கத்தில் நிற்பவர் கேட்டால் கோப்பு அவர் கைக்குப் போகும். கைரேகை எண்ணை ஊரே கேட்டாலும் தீங்கில்லை, அதையும் ஒருமுறை ஒப்பிட்டால் போதும். பெரியவருக்கு 7இசட் இருக்கட்டும். உங்கள் கிளை அலுவலகங்களுக்கிடையே நாள்தோறும் போய்வரும் கோப்புகளுக்காவது திறவுகோல் முறையைத் தொடங்குங்கள்.