சின்ன யூனிட்ல ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுக்க அரசு உதவி, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்களோடது சின்ன மெஷின் ஷாப், மொத்தமே இருபது பேருக்குள்ளதான், சிஎன்சி (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடற மெஷின்) ஓட்டத் தெரிஞ்ச ஆளு கிடைக்கவே மாட்டேங்குது, கிடைச்சாலும் நாலு மாசத்துல பெரிய கம்பெனிக்கு போயிடறாங்க, அதனால நாமளே புதுப் பசங்கள எடுத்து கத்துக்குடுத்துடலாம்னு இருக்கோம். மத்திய அரசோட நாப்ஸ் (NAPS) அப்ரென்டிஸ் திட்டத்துல, அதாவது வேலை கத்துக்க வர்றவங்களுக்கான திட்டத்துல, ஸ்டைபண்டுல (கத்துக்கிற காலத்துல நாம குடுக்கிற மாசப் பணம்) 25 சதவீதம், ஆளுக்கு மாசம் அதிகபட்சம் 1500 ரூபா அரசு தருது, இப்போ அது நேரா பையனோட பேங்க் அக்கவுண்டுக்கே போயிடுதாம். 30 பேரும் அதுக்கு மேலயும் இருந்தா அப்ரென்டிஸ் எடுத்தே ஆகணும், 4ல இருந்து 29 வரைக்கும்னா நம்ம இஷ்டம். இது வரைக்கும் புரியுது.

ஆனா இது புதுசா வர்றவங்களுக்குத்தானே, ஏற்கனவே லேத்துல நிக்கிற நம்ம பழைய ஆளுங்கள சிஎன்சிக்கு மாத்தி ட்ரெயின் பண்ண ஏதாவது மானியம் இருக்கா? எனக்கு அதுதான் முக்கியம், அவங்கதான் விட்டுட்டு போக மாட்டாங்க. அப்புறம் அந்த நாப்ஸ் திட்டத்தோட போர்ட்டல்ல (வெப்சைட்ல) அப்ரென்டிஸ் கான்ட்ராக்ட் போட்டு, நிஜமாவே பணம் ஒழுங்கா வந்தவங்க யாராச்சும் இருந்தா என்னென்ன பேப்பர் கேட்டாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க. கன்சல்டன்ட் நம்பர் மட்டும் வேண்டாம் ப்ளீஸ், சொந்த அனுபவம் இருந்தா போதும்.