மறு: ஜீன் சிக்னேச்சர் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பல மரபணுக்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து நோயின் போக்கைக் கணிக்க உதவும் அடையாளத்தை ஆங்கிலத்தில் ஜீன் சிக்னேச்சர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> 'மரபணுக் கையொப்பம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு அதில் உடன்பாடில்லை. கையொப்பம் ஒருவர் தெரிந்தே இடுவது. ஒன்றைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். இங்கே நடப்பது வேறு.

ஆக்சிஜன் போதிய அளவு இருந்தாலும் புற்றணுக்கள் குளுக்கோஸைப் பெருமளவு லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அந்த வேலைக்கான நொதிகளுக்கெல்லாம் மரபணுக்கள் உண்டு. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நொதிக்கான எல்டிஎச்ஏ (LDHA) அவற்றில் ஒன்று. புற்றுநோய்களின் மரபணுத் தரவைத் திரட்டிய அமெரிக்காவின் டிசிஜிஏ (TCGA) திட்டம் 2014இல் 230 நுரையீரல் அடினோகார்சினோமா (ஒருவகை நுரையீரல் புற்றுநோய்) கட்டிகளின் ஆய்வை வெளியிட்டது. இப்படிப் பொதுவில் கிடைக்கும் தரவிலிருந்து, எந்த வளர்சிதைமாற்ற (மெட்டபாலிசம்) மரபணுக்களின் வெளிப்பாடு, அதாவது அவை இயங்கும் அளவு, நோயாளி வாழ்ந்த காலத்தோடு ஒத்துப்போகிறது என்று காக்ஸ் முறை என்னும் புள்ளியியல் முறையில் சலித்தெடுக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு மரபணுவின் வெளிப்பாட்டையும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். வரும் எண்தான் இடர்மதிப்பெண். அதை வைத்து நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, வேறு நோயாளிகளிடமும் அது பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஆக, தனித்தனியாகப் பார்த்தால் அதிகம் சொல்லாத பல குறிகள் ஒன்றுசேர்ந்து பேசுகின்றன. எனவே என் பரிந்துரை: மரபணுக் குறித்தொகை.

நோய்க்குறி என்று ஏற்கெனவே சொல்கிறோம். குறி என்றால் அடையாளம்தான், காரணம் அல்ல. இந்த ஆய்வுகளும் அவ்வளவுதான் சொல்கின்றன. தொகை என்றால் தொகுப்பு, கூட்டி வந்த எண் இரண்டும். சிக்னேச்சர் என்ற சொல்லில்கூட இந்தக் கணக்கு இல்லை!

ஓர் உயிரியின் முழு மரபணுத் தொகுதியான ஜீனோமைச் சிலர் மரபணுத்தொகை என்று எழுதுவதால் குழப்பம் வருமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 'குறி' நடுவில் இருக்கும்வரை பொருள் மாறாது. வளர்சிதைமாற்றத்தை அனுசேபம் என்னும் இலங்கை நண்பர்கள் 'அனுசேபக் குறித்தொகை' என்று எழுதலாம், இன்னும் சுருக்கம். நான் வளர்சிதைமாற்றத்தையே விரும்புகிறேன். கட்டுவதும் உடைப்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

நோயாளி வாழ்ந்த காலத்தைச் சொல்லும் சர்வைவலுக்குப் 'பிழைப்பு' மட்டும் வேண்டாம். நோயாளியின் வீட்டார் படிக்கும்போது அது வயிற்றுப்பாட்டைத்தான் நினைவூட்டும். 'உயிர்வாழ்காலம்' சரியாக இருக்கும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "வளர்சிதைமாற்ற மரபணுக் குறித்தொகை உயர்ந்த குழுவினரின் உயிர்வாழ்காலம் குறைவாக இருந்தது." கொஞ்சம் நீளம், ஆனால் தடுக்கவில்லை. மருத்துவம் படித்த நண்பர்களுக்கு எங்காவது இடறுகிறதா?