உழுதவளே விலை கொடுத்து வாங்கினாள்: இது நீதியா, கிரயமா?

செங்கொடிப் பேரன்:

போன வாரம், நிலமில்லாதவர்களுக்காக உழைத்த காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பற்றி இங்கே பேச்சு வந்தபோது ஒரு நண்பர், "கொடி இல்லை, கோஷம் இல்லை, விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்தே பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் ஏழைகளுக்கு வாங்கிக்கொடுத்தார்" என்று எழுதியிருந்தார். அந்த "வாங்கிக்கொடுத்தார்" என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. யாரிடம் வாங்கினார்? யார் காசில்?

நான் கீழத்தஞ்சைக்காரன். தாத்தா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சந்தா கட்டியவர். பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதையும் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதையும் எந்தப் பண்ணையாரும் மனம் உருகி நிறுத்தவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவும் தோழர்களும் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் எழுத வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நின்றது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். ஏற்றிய கொடியை இறக்க மறுத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அதன் பிறகு ஜெகந்நாதன் தம்பதியர் வந்தார்கள். வந்ததை மதிக்கிறேன். ஆனால் 1981இல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்', அதாவது லாஃப்டி, தொடங்கிச் செய்தது என்ன? மிராசுதாரோடு உட்கார்ந்து விலை பேசினார்கள். வங்கியில் கடன் எடுத்தார்கள். கடனைக் கூலிக்காரப் பெண்களின் தலையில் வைத்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலத்தை உழுதவளே காசு கொடுத்து வாங்கினாள். இதற்குப் பெயர் நீதியா, கிரயமா?

சர்வோதயன்:

தம்பி, உங்கள் தாத்தாவின் சந்தாவுக்கு என் வணக்கம். ஆனால் கிருஷ்ணம்மாளை வெளியூரிலிருந்து உபதேசம் செய்ய வந்தவர் போலப் பேசுகிறீர்கள். அவரே திண்டுக்கல் பக்கத்தில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜெகந்நாதன் வசதியான வீட்டை விட்டு வந்தவர். சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்று காத்திருந்து 1950இல் மணந்துகொண்டவர்கள். வினோபா பாவேயோடு பூதானத்துக்காக, அதாவது நிலமுள்ளவர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்டு, ஊர் ஊராக நடந்தவர்கள்.

பிரார்த்தனை போதும் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. எழுபதுகளில் வலிவலத்தில் கோயில் அறக்கட்டளைப் பெயரில் இருந்த நிலத்துக்காகச் சத்தியாகிரகம் செய்தார்கள். பிறகு இறால் பண்ணைகள் வந்து வயலை உவராக்கியபோது, எண்பது வயதைத் தாண்டிய ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கினார். வள்ளலாரின் ஜோதியைக் கும்பிடுகிறவர்கள் மறியலில் உட்கார மாட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

விலை கொடுத்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். விலை கொடுக்காமல் வாங்கும் வழி அன்று என்ன இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி வக்கீல்:

வழி காகிதத்தில் இருந்தது. 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் 30 தரப்படுத்தப்பட்ட ஏக்கர் வரைதான் வைத்திருக்கலாம் என்றது. 1970இல் அது 15 ஆனது. என்ன நடந்தது? மருமகன் பெயர், சமையல்காரர் பெயர், இல்லாத ஆள் பெயர் என்று பினாமியாக நிலம் பிரிந்தது. மிச்சம் அறக்கட்டளைகளுக்குள் ஒளிந்தது. என் சீனியரிடம் ஒரு பழைய கட்டு இருந்தது. அதில் ஒரே குடும்பத்தில் ஏழு பேர் தனித்தனி வீட்டில் வசிப்பதாகக் காட்டியிருந்தார்கள். கதவு எண் மட்டும் ஏழுக்கும் ஒன்று. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். வெண்மணி வழக்கில் கீழ்க்கோர்ட்டு தண்டித்தவர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று அதனால் நம்ப முடியவில்லை. அப்படிப்பட்ட கோர்ட்டை நம்பி உச்சவரம்பு வழக்குப் போட்டு இருபது வருடம் காத்திருப்பதா, கிரயப் பத்திரம் எழுதுவதா? வக்கீலாகக் கேட்டால் வழக்கு என்பேன், எனக்கு ஃபீஸ் கிடைக்கும். அந்தப் பெண்களின் இடத்தில் இருந்தால் பத்திரம்தான்.

இறால் தீர்ப்பைச் சர்வோதயன் ஐயா பாதியில் விட்டுவிட்டார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது கோர்ட்டு. நாடாளுமன்றம் 2005இல் தனிச் சட்டம் போட்டுத் தொழிலைக் காப்பாற்றிவிட்டது. குளங்கள் இன்றும் இருக்கின்றன.

நீலவானம்:

எனக்கு இரண்டு பக்கமும் எரிச்சல்தான்.

செங்கொடிக்காரர்கள் வெண்மணியைக் கூலிச் சண்டை என்று சொல்லிச் சொல்லியே அங்கே எரிந்தவர்கள் எந்தச் சாதி என்பதை அடிக்குறிப்பாக்கினார்கள். காந்தியவாதிகளோ பண்ணையாரின் 'மனமாற்றம்' என்ற ஒன்றைத் தேடி ஐம்பது வருடம் நடந்தார்கள். மனம் மாறிய மிராசுதார் சந்தை விலை கேட்பாரா?

நம்பிக்கையைப் பற்றி ஒரு நேர்க் கேள்வி. தஞ்சை மண்ணில் பெரிய நிலச்சுவான்தார் யார்? கோயிலும் மடமும். சர்வோதயன் ஐயா சொன்ன வலிவலமே சாட்சி. எங்களை உள்ளே விடாத சாமியின் பெயரில்தான் எங்கள் உழைப்பு எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதே நிலத்தை மீட்க இன்னொரு சாமியைக் கும்பிடச் சொல்கிறீர்கள். ஜோதிக்குச் சாதி இல்லை என்று வள்ளலார் சொன்னதை ஏற்கிறேன். அதைப் பண்ணை வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சேரியில் எதற்கு?

சர்வோதயன்:

திண்ணையிலும் சொன்னார்கள். வாயில் சொன்னது காதில் ஏறாதபோதுதான் விலை பேசினார்கள். மனமாற்றத்துக்காகக் காத்திருந்தது பூதானக் காலம். தானமாக வந்ததில் பாதி பாறையும் தரிசும் என்று அவர்களுக்கே தெரிந்துபோனது. லாஃப்டி பிறந்ததே அந்த ஏமாற்றத்தில்தான்.

செங்கொடிப் பேரன்:

அப்படியென்றால் என் கட்சிக்கே வருகிறீர்கள். தானம் தோற்றது. பிறகு சந்தைக்குப் போனார்கள். மிராசுதார் ஏன் விற்க இறங்கி வந்தார்? பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள் என்பது ஒன்று. சங்கம் கூலியை ஏற்றிவிட்டது, குத்தகைச் சட்டமும் 1971இன் குடியிருப்பு மனை உரிமைச் சட்டமும் வந்துவிட்டன, இனி இந்த ஆட்களை வைத்துப் பண்ணையம் நடத்த முடியாது என்று தெரிந்தது இன்னொன்று. மரத்தை உலுக்கியவன் ஒருவன், பழம் பொறுக்கியவர் இன்னொருவர். பொறுக்கியவருக்கு ஸ்வீடனில் 2008இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். உலுக்கியவனுக்கு வெண்மணியில் ஒரு நினைவுத் தூண்.

கடைமடைக்காரி:

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று உங்கள் யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு லாஃப்டி மூலம் ஒரு ஏக்கர் கிடைத்தது. பட்டா இன்றும் தகரப் பெட்டியில், யூரியா மூட்டையின் உள்பையில் சுற்றி இருக்கிறது. அம்மா பெயரில் இருக்கிறது. அப்பா பெயரில் இல்லை. நான்கு பேர் இவ்வளவு எழுதியும் ஒருவர்கூட இதைப் பேசவில்லை. அப்பாவுக்கு அது பெரிய மனத்தாங்கல். சாராயக்கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய மனத்தாங்கல்.

கடன் கட்டினோமா? கட்டினோம். சம்பா அறுத்ததும் முதல் மூட்டைகள் தவணைக்குப் போய்விடும். ஒரு வருடம் வெள்ளம் வந்து கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைத்தது. அம்மா தோட்டை அடகு வைத்தாள். செங்கொடி அண்ணன் கேட்பது சரிதான், அது அநியாயம். அம்மாவிடம் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டேன். "அவங்க அப்பன் வாங்கினப்ப யாருக்குக் காசு குடுத்தாங்களாம்?" என்று கேட்டுவிட்டு நாற்று முடிச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அநியாயம் என்று அவளுக்கும் தெரியும். நாற்று காய்ந்துவிடும் என்றும் தெரியும்.

நீலவானம் கேட்ட பிரார்த்தனை விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து அகல் ஏற்றி 'அருட்பெருஞ்ஜோதி' பாடுவார்கள். எனக்குச் சின்ன வயது, தூக்கம் வரும். ஒருநாள் பாதியில் பண்ணையின் காரியஸ்தர் வந்தார், விலை விஷயமாக ஏதோ சொல்ல. அதுவரை அவர் வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அப்பாவின் துண்டு இடுப்புக்கு இறங்கும். அன்றைக்கு யாரும் எழவில்லை. பாட்டு நடக்கிறது, எப்படி எழுவது? அவருக்கும் அதட்ட முடியவில்லை, சாமி பாட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே நின்றார். முடியும் வரை நின்றார். நான் தூங்கவில்லை அன்றைக்கு.

அது மனமாற்றமா என்று எனக்குத் தெரியாது. அவருக்குக் கால் வலித்திருக்கும்.

நீலவானம்:

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. கோயில் நிலம் பற்றிய கேள்வியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடைமடைக்காரி:

எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை இன்னும் சத்தமாகக் கேளுங்கள்.

செங்கொடிப் பேரன்:

சகோதரி, நான் தோற்றுவிட்டேன் என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் அம்மா எழாமல் உட்கார்ந்ததற்குப் பின்னாலும் 1944 இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பட்டா யார் பெயரில் என்பது என் கணக்கிலேயே இல்லை. எங்கள் சங்க ரசீதுகளை நினைத்துப் பார்க்கிறேன், எல்லாம் ஆண்கள் பெயர். பாட்டியும் சேர்ந்துதான் மறியலுக்குப் போனாள், அவள் பெயரில் ரசீது ஏதும் பார்த்த ஞாபகம் இல்லை.

நிலம் இப்போது எப்படி இருக்கிறது?

திருத்துறைப்பூண்டி வக்கீல்:

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனையான கடைமடையில் பலர் நிலத்தைக் கைமாற்றிவிட்டார்கள். தண்ணீர் வருவதில்லை, வந்தால் வெள்ளமாக வருகிறது. வாங்கிக்கொடுத்த நிலத்தை வைத்திருக்க முடிந்ததா என்பதுதான் லாஃப்டிக்கு உண்மையான பரீட்சை.

கடைமடைக்காரி:

இருக்கிறது. இரண்டு வயல் தள்ளி இறால் குளம், எங்கள் மேற்கு வரப்போரம் உவர் ஏறிவிட்டது. தம்பிக்கு விற்றுவிட ஆசை. போன தை மாதம் குத்தகை கேட்டு இறால்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். தம்பி நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். விலை ஒரு கட்டத்துக்கு வந்ததும் கையெழுத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டான். அவள் உள்ளே போய் அகல் ஏற்றி உட்கார்ந்துவிட்டாள். இருட்டி வெகுநேரம் ஆகியும் எழவில்லை. அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.