விடுவித்த சுறா பிழைத்ததா? மறக்க முடியாத சந்திப்புகளைப் பகிருங்கள்

ஆழி:
சுறாக்களைப் பிடித்து, அவை போகும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் கருவியைப் பொருத்தி விடும் படகில் எனக்கு அது நான்காவது பயணம். தூண்டிலில் மாட்டியிருந்தது பெரிய கொம்பன் சுறா, சுத்தியல் போன்ற தலை கொண்டது. தலைப்பக்கம் என் பொறுப்பு: வாயில் குழாய் வைத்துச் செவுள்களுக்குத் தண்ணீர் ஓடவிட வேண்டும், அது தெம்பாக இருக்கிறதா என்று அறிய இடையிடையே கண்ணில் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். முதல் முறை பீய்ச்சியதும் வெண்சவ்வு சட்டென்று ஏறிக் கண்ணை மூடியது. முதுகுத் துடுப்பில் திருகாணிகளை முடுக்கிய பிறகு மறுபடியும் பீய்ச்சினேன். சவ்வு பாதிவரை வந்து நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. நான் நிமிர்ந்து சொல்வதற்குள் கயிற்றை அறுத்துவிட்டார்கள். வாலை இரண்டு முறை வீசிவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது. எட்டு மாதமாகிறது, அந்தக் கருவியிலிருந்து ஒரு சமிக்ஞைகூட வரவில்லை.

கரையோரம்:
சமிக்ஞை வராததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். துடுப்புக் கருவியின் கம்பி தண்ணீருக்கு மேலே வர வேண்டும், அந்த நேரத்தில் செயற்கைக்கோளும் தலைக்கு மேலே இருக்க வேண்டும். பாசியும் கொட்டலசும் மூடினாலோ, கம்பி முறிந்தாலோ கருவி ஊமைதான். 2003இல் தென்னாப்பிரிக்காவில் கருவி பொருத்திய நிக்கோல் என்ற வெள்ளைச் சுறா 99 நாளில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது, 11,000 கிலோமீட்டருக்கும் மேல். அது திரும்பி வந்ததைக் கருவி சொல்லவில்லை. துடுப்பு விளிம்பின் வெட்டுகளைப் புகைப்படத்தில் ஒப்பிட்டுத்தான் கண்டுகொண்டார்கள்.

என் கதை சிறியது. நீலச் சுறா ஒன்றுக்கு எண் பொறித்த சாதாரண அட்டையைச் செருகி விட்டோம். ஆறு ஆண்டுகள் பேச்சே இல்லை. பிறகு ஒரு மீன்பிடிப் படகிலிருந்து அட்டை மட்டும் திரும்பி வந்தது. அது உயிரோடு இருந்த செய்தியும் செத்த செய்தியும் எனக்கு ஒரே உறையில் கிடைத்தன.

அடுத்த முறை போகும்போது வட்டத் தூண்டில்தான் வேண்டும் என்று கேளுங்கள், அது குடலில் சிக்காமல் வாயோரத்தில் மாட்டும். சுறா கடித்த நேரத்தைக் காட்டும் கடிகாரம் தூண்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பனுக்குக் கழன்று மிதக்கும் கருவியே மேல். சுறா செத்து ஒரே ஆழத்தில் நாள்கணக்கில் கிடந்தால் கருவி தானே கழன்று மேலே வந்து செய்தி அனுப்பிவிடும். சவ்வு தளர்ந்தால் அளவெடுப்பதைக்கூட விட்டுவிட்டு உடனே விடுவிக்கச் சொல்லுங்கள்.

சிப்பி:
எனக்குத் திமிங்கலச் சுறா. அதன் இடப்பக்கம், செவுள்களுக்குப் பின்னாலிருக்கும் புள்ளிகள்தான் அடையாளம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விண்மீன் கூட்டங்களை ஒப்பிட வானியலாளர்கள் வைத்திருந்த கணக்கு முறையைக் கொண்டு அந்தப் புள்ளிகளைப் பொருத்திப் பார்க்கிறார்கள். நான் எடுத்ததெல்லாம் வலப்பக்கம். சுற்றிப் போவதற்குள் நாலைந்து பேர் குறுக்கே நீந்தினார்கள், அது தலையைச் சாய்த்து இறங்கிவிட்டது. இறங்கும்போதுதான் முதுகைப் பார்த்தேன்: படகின் விசிறி சீவிய மூன்று வெட்டுகள், ஒரே இடைவெளியில், உள்ளே சதை வெள்ளையாக. அது யார் என்று தெரிந்திருந்தால் அந்தக் காயம் ஆறியதா என்று யாரையாவது கேட்கலாமே.

நீரோட்டம்:
கரையோரம், நீங்கள் ஆறுதல் சொல்வதாக நினைக்கிறீர்கள். நீலச் சுறாவையும் கொம்பனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கொம்பன் தூண்டிலில் போராடும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், தெம்பாக நீந்திப் போனதுகூடச் சில மணி நேரத்தில் சாகலாம். 1970க்குப் பிறகு பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்திருப்பதாக 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தரவு வேண்டும், மறுக்கவில்லை. அதற்காகக் கண் தளர்ந்த சுறாவில் திருகாணியை முடுக்கக் கூடாது. நானும் எலுமிச்சைச் சுறாக் குட்டிகளை மல்லாத்திப் பிடித்திருக்கிறேன். மல்லாத்தியதும் அது மரத்துப்போய் அசையாமல் கிடப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. ஆழி, சுறா எவ்வளவு நேரம் தூண்டிலில் இருந்தது?

ஆழி:
இன்று பதிவுத்தாளின் நகலைத் தேடி எடுத்தேன். கருவி எண் இருக்கிறது, நீளம் இருக்கிறது, விடுவித்த நேரம் இருக்கிறது. கடித்த நேரத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து.